தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரி டூர்போர்க் பிரெக்கி, காலமான என் தம்பி நில்ஸின் மனைவி. அவள் மகள் சிக்னே பிரெக்கி, எங்கள் மாநிலத்தின் ஆளுநர். சிக்னேயின் தேர்தல் பிரசாரத்தை நடத்தும் கிளேட்டன் ரஸ்க். துப்பறியும் மாரித் ஓவர்பி. மாரித்தின் உதவியாளன் கோர்டி லாத்தி. ஆறாவது ஆள் நான், ஹால்வர் பிரெக்கி, குடும்பத்தில் மூத்தவன். ஏழு பேர் என்று சொல்பவர்கள் மேஜைக்கு அடியில் படுத்திருந்த நாயையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மேஜை நடுவில் டூர்போர்க் சுட்ட பேரீச்சம்பழக் கேக் துண்டுகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. பக்கத்தில் வழக்கம்போல ஒரு சின்னக் கத்தி. தட்டை யாரும் தொடவில்லை. சிக்னே தன் கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்து, வானொலி நிலையத்திலிருந்து காலையில் வந்த ஒலிப்பதிவை ஓடவிட்டாள். திங்கட்கிழமை காலை இதை ஒலிபரப்பப் போகிறோம், உங்கள் பதில் என்ன என்று நாகரிகமாகக் கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

குரல் எனக்குத் தெரிந்த குரல். ஏரிக்கரையில் குடியிருக்கும் வெர்லின் நூஸ்டாட். ஆனால் அவன் பேசுகிற மாதிரி இல்லை. ஞாயிறு பள்ளியில் ஒப்பிப்பவனைப் போல ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனான்.

"அப்ப நான் போர்கில் அம்மா வீட்டு மாடியில குடியிருந்தேன். வழக்குக்கு முந்தின வாரம் சிக்னே பிரெக்கி அங்க தனியா வந்தாங்க. காபி சாப்பிடுறீங்களான்னு போர்கில் அம்மா கேட்டாங்க. சரின்னு உட்கார்ந்தாங்க. தட்டுல கடைசியா ஒரு துண்டு இருந்துச்சு, அதை எடுத்துச் சாப்பிட்டுக்கிட்டே, 'கெட்னரோட வண்டியைப் பார்த்தேன்னு கோர்ட்ல சொல்லிடுங்க'ன்னாங்க. நான் பார்க்கலியேன்னு போர்கில் அம்மா அழுதாங்க. அடுப்புக்கு மேல சேவல் கடிகாரம் ஓடிக்கிட்டிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. சொல்லி முடிச்சதும் சிக்னே பிரெக்கி எழுந்து போய்ட்டாங்க."

கோர்டி லாத்தி சிரித்துவிட்டான். முன்பற்களில் ஒன்று இல்லாதவன், ஒரு காலத்தில் ஐஸ் ஹாக்கியில் கோல் காத்தவன். சிரித்தால் விசில் போலச் சத்தம் வரும். மேஜைக்கு அடியில் மாரித் அவனை உதைத்தது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் பாதி உதை என் காலில் விழுந்தது.

இது சிரிக்கிற விஷயமா என்று நான் அவனைக் கேட்டேன். நியாயமான கேள்வி. படகுத் தொழிற்சாலையை டேல் கெட்னர் கொளுத்தினான். உள்ளே காவலாளி ஒருவர் செத்தார். தீப்பிடித்த இரவு கெட்னரின் வண்டி ஏரிச் சாலையில் போனதைத் தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தவர் போர்கில் ட்வைட் என்ற கிழவி ஒருவர்தான். அப்போது எங்கள் மாவட்டத்துக்கு அரசு வழக்கறிஞர் சிக்னே. கெட்னர் சிறைக்குப் போனான். அந்த ஒரு வழக்குதான் சிக்னேயை மாநிலம் முழுக்கத் தெரியவைத்தது. போர்கில் இப்போது உயிரோடு இல்லை. சாட்சிக்குப் பொய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்று வெர்லின் திங்கட்கிழமை நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யப் போகிறான். அது எடுபட்டுவிட்டால் சிக்னேயின் பதவி போகும், கெட்னர் வெளியே வருவான், காவலாளியின் மனைவி மறுபடி முதலிலிருந்து அழவேண்டும். எங்கள் பெயரைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பிரெக்கி என்ற பெயரைச் சொல்லி இந்த மாவட்டத்தில் யாரும் இதுவரை குரலைத் தாழ்த்தியதில்லை.

அந்த வீட்டுக்கு நீ போகவே இல்லை என்று சொல்லிவிடு என்றேன்.

"போயிருக்கேன், பெரியப்பா" என்றாள் சிக்னே.

டூர்போர்க் காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள்.

அரசு வழக்கறிஞர் சாட்சியைப் போய்ப் பார்ப்பது வழக்கமான வேலைதான் என்று சிக்னே விளக்கினாள். தனியாகப் போகக் கூடாது என்பது அவள் அலுவலகத்தில் அவளே போட்ட விதி. உதவி வழக்கறிஞர் ஆர்விட் மோன் கூடவே இருந்தார். ஆர்விட்டும் இப்போது உயிரோடு இல்லை. ஆக, சமையலறையில் இருந்தவர்களில் மிச்சம் சிக்னே ஒருத்திதான்.

ரஸ்க் தொண்டையைச் செருமிக்கொண்டார். பளபளப்பான மெல்லிய தோல் காலணி போட்டவர், கிழக்குக் கரை நகரத்துக்காரர், ஒரு வருடமாக எங்களோடு இருக்கிறார். "நினைவில்லைன்னு சொல்லிடுங்க, கவர்னர். நினைவில்லைங்கறது பொய்யும் ஆகாது, ஒப்புக்கிட்டதும் ஆகாது."

"எனக்கு நினைவிருக்கே."

மாரித் ஓவர்பி அதுவரை வாயைத் திறக்கவில்லை. மாநிலப் போலீஸில் விசாரணை அதிகாரியாக இருந்து, மேலதிகாரிகளிடம் அலுத்துப்போய் வெளியே வந்தவர். உயரம், நரைத்த குட்டை முடி, கையில் எப்போதும் எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். அன்று ஒரு கையுறை. எது உண்மையோ அதைத்தான் சொல்வேன், பிடிக்காத உண்மையாக இருந்தாலும் மாற்றமாட்டேன், சம்மதமா என்று கேட்டார். முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்றேன் நான்.

"எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுவேன், ஐயா."

சிக்னே தலையசைத்தாள். "வேற யார் மேலயாவது இப்படி ஒரு சாட்சி வந்தா நான் விசாரிக்கச் சொல்லியிருப்பேன். என்மேல வந்தாலும் அப்படித்தான்."

அப்படியானால் நானும் கூட வருகிறேன் என்று எழுந்தேன். குடும்பத்தின் பெயரை யாரோ இருவர் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

*

கோர்டியின் வண்டியில் மீன் வாடை அடித்தது. பின் இருக்கையில் என்னோடு ஒரு ஹாக்கி மட்டையும் வெங்காய மூட்டையும் பயணம் செய்தன. பெரியவருக்கு இடம் போதுமா, இல்லை வெங்காயத்தை இறக்கிவிடட்டுமா என்று கோர்டி கேட்டான். நான் மூட்டையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் அவன் எதற்குச் சிரித்தான் என்று மாரித்திடம் கேட்டேன். கோர்டியே பதில் சொன்னான்.

"ஐயா, கோபத்துல உங்க காது அடைச்சுப்போச்சு. இல்லேன்னா எனக்கு முன்னாடி நீங்க சிரிச்சிருப்பீங்க. சிக்னே பிரெக்கி கடைசித் துண்டை எடுத்தாங்களாம்ல?"

உண்மைதான். அந்தப் பதிவை நான் முழுதாகக் கேட்டிருந்தேன். பொய்ச் சாட்சி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் மனதில் ஏறவில்லை.

எங்கள் ஊரில் தட்டிலிருக்கும் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. வெட்டிப் பாதியை எடுப்போம். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதியை எடுப்பார். நகத்தளவு ஆனாலும் ஒரு மிச்சம் தட்டில் கிடக்கும். தட்டருகே கத்தி வைப்பதே அதற்காகத்தான். யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, யாரும் மீறியதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

"காபியும் தப்பு" என்றார் மாரித், ஊசியை நிறுத்தாமல். "முதல் தடவை கேட்டதும் சரின்னாங்களாம். மூணாவது தடவைக்கு முன்னாடி நம்ம ஊர்ல எவ காபிக்குச் சரின்னு சொல்லியிருக்கா?"

"அப்புறம் எழுந்து போய்ட்டாங்களாம், பாஸ். எழுந்தாங்களாம், போனாங்களாம். எங்க அத்தை வீட்ல எழுந்ததுக்கும் போனதுக்கும் நடுவுல நான் ஒரு தடவை தூங்கி எழுந்திருக்கேன்."

கொலைகாரி என்று சொன்னால்கூட நம்பத் தயாராக இருக்கும் ஊர் இதை நம்பாது என்று கோர்டி சொன்னபோது, முதல் தடவையாக அவன்மேல் எனக்கு லேசாக மரியாதை வந்தது. ஆனால் நீதிபதி முன்னால் துண்டுக் கணக்கை ஆதாரமாக வைக்க முடியாது என்று மாரித் உடனே அடக்கினார். இதிலிருந்து தெரிவது ஒன்றுதான். வெர்லின் இந்த ஊரில் பிறந்தவன். இந்தக் கதையைக் கட்டியவர் இந்த ஊர்க்காரர் இல்லை.

*

வெர்லின் நூஸ்டாட் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தன் படகுத்துறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஏரி உறைவதற்குள் துறையைத் துண்டு துண்டாகக் கரையேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பனிக்கட்டி நசுக்கிவிடும். ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை அது. அக்கம்பக்கத்தார் யாரும் உதவிக்கு வராததிலிருந்தே அவன் செய்கிற காரியம் ஊரில் கசிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கோர்டி காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி மறுமுனையைப் பிடித்தான். அவன் முகம் போன நிறத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கரையேறியதும் மாரித் தெர்மாஸைத் திறந்து காபி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றான் வெர்லின். குளிரில் இருக்கிறீர்களே, கொஞ்சம் என்றார். இல்லை, பரவாயில்லை என்றான். அரைக் கோப்பையாவது என்றார். சரி, வீணாகத்தான் போகுமென்றால் என்று வாங்கிக்கொண்டான். டூர்போர்க் கட்டிக்கொடுத்த டப்பாவை மாரித் அவன் முன் நீட்டினார். அதில் ஒரே ஒரு துண்டு இருந்தது. மற்றவற்றை வழியிலேயே கோர்டி கவனித்துவிட்டிருந்தான்.

வெர்லின் அந்தத் துண்டைப் பார்த்தான். விரலால் நடுவில் பிட்டு, பாதியை எடுத்துக்கொண்டு மீதியை டப்பாவிலேயே விட்டான்.

"ஏன் முழுசா எடுக்கல?" என்று மாரித் கேட்டார்.

"கடைசித் துண்டாச்சே."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மெல்லுவது நின்றது.

மாரித் குரலை உயர்த்தவில்லை. "வெர்லின், உங்க கண்ணு முன்னாடி ஒரு பொம்பளை கடைசித் துண்டை எடுத்துத் தின்னுருந்தா, அன்னைக்கு ராத்திரியே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பீங்க. இத்தனை வருஷம் அடக்கி வச்சிருக்க உங்களால முடியாது. சேவல் கடிகாரம் எந்தச் சுவத்துல இருந்துச்சு?"

"ஜன்னல் பக்கம்" என்றான்.

பதிவில் அடுப்புக்கு மேலே என்று சொல்லியிருந்தான். கோர்டி நடுங்கிக்கொண்டே விசில் அடித்தான்.

வெர்லின் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு மாரித்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினான். "உங்க வீட்டுப் பொண்ணு என் துப்பாக்கியைப் பறிச்சா. ராத்திரி விளக்கடிச்சு ஒரு மானைச் சுட்டதுக்கு. என் அப்பாவோட துப்பாக்கி அது."

"என் மகன் ஸ்வெர்ரே உன் பக்கத்துலதானே விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்" என்றேன். "அவன் துப்பாக்கியும் போச்சு. சொந்தக்காரன் வழக்கை நான் நடத்தமாட்டேன்னு பக்கத்து மாவட்ட வக்கீலை வரவழைச்சா. சலுகை எதுவும் காட்டாதீங்கன்னு சொல்லியனுப்பினா. அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் பெண்டாட்டி அவகூடப் பேசல."

அது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. துறையின் கழற்றாத பாகத்தையே வெறித்துப் பார்த்தான். ரேடியோவில் சொன்ன பொய் வெறும் பொய், திங்கட்கிழமை நீதிமன்றத்தில் கைதூக்கிச் சொன்னால் அது சிறை என்று மாரித் அவனுக்கு நினைவூட்டினார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவன் வாய் திறக்கவில்லை. கோர்டி இன்னொரு முறை தண்ணீரில் இறங்கி மீதித் துறையையும் கரையேற்றிக் கொடுத்தான். ஏன் செய்தாய் என்று பிறகு கேட்டேன். பனிக்கட்டிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதே, ஐயா என்றான்.

*

வெர்லின் அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் கதை கட்டியவர் அதை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும். ஆகவே அடுத்ததாகப் போர்கில் வீட்டுக்குப் போனோம். இப்போது அவர் அண்ணன் மகள் எவெலின் அங்கே குடியிருக்கிறாள்.

காபியை இரண்டு முறை மறுத்தோம், மூன்றாவது முறை குடித்தோம். சமையலறை பதிவில் சொன்ன மாதிரியேதான் இருந்தது. கடிகாரம் மட்டும் இல்லை. அடுப்புக்கு மேலே சுவரில் ஓர் ஆணித்துளை இருந்தது, உள்ளே சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக. எவெலின் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பற்றியும், மருமகளின் முழங்காலைப் பற்றியும் பேசினாள். கடிகாரத்தைப் பற்றி மாரித் கேட்டபோது, அத்தைக்கு டிக் டிக் சத்தம் ஆகாது, சமையலறையில் கடிகாரமே வைத்ததில்லை என்று மட்டும் சொன்னாள்.

சரி, அப்படியானால் என்று மாரித் தொடையைத் தட்டினார். எழுந்தோம். மேஜையருகே நின்று கொஞ்ச நேரம் பேசினோம். கதவருகே போய்க் கொஞ்ச நேரம் பேசினோம். கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று குளிர்காலம் எப்படி இருக்கும் என்று பேசினோம். எதுவும் கிடைக்கவில்லையே என்று நான் முணுமுணுத்தேன். பொறுங்கள், நாம் இன்னும் கிளம்பவில்லை என்றார் மாரித்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். கோர்டி இன்ஜினைக் கிளப்பினான். அப்போது எவெலின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, மாரித்தின் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றினாள். எங்கள் ஊரில் விஷயம் வெளியே வரும் இடம் அதுதான்.

"சொல்லலாமான்னு தெரியல. அந்த ஆணி படம் எடுக்க வந்தவங்க அடிச்சது. ஆகஸ்ட்ல. நம்ம சிக்னேவுக்கு ஓட்டு கேக்குற விளம்பரம்னாங்க. சுவரு மொட்டையா இருக்குன்னு ஒரு சேவல் கடிகாரத்தைக் கொண்டுவந்து மாட்டினாங்க, போகும்போது எடுத்துட்டுப் போய்ட்டாங்க. யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லல." கொஞ்சம் தயங்கினாள். "கூட வந்த பெரிய மனுஷர் கடைசித் துண்டை எடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்கல. எங்க வீட்டுத் தட்டு காலியானது அன்னைக்குத்தான்."

வண்டி சாலைக்கு வந்தது. அப்படி ஒரு விளம்பரம் தொலைக்காட்சியில் வந்ததே இல்லை. ஆகவே அந்தக் கடிகாரத்தை ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது. பார்த்தவர்கள் படம் எடுக்கப் போனவர்கள் மட்டும்தான். பொய் எதிர்க்கட்சியில் பிறக்கவில்லை. எங்கள் மேஜையில் பிறந்திருக்கிறது.

அதைவிட மோசமான ஒன்று என் மனதில் ஓடியது. தன் பெயரில் எடுத்த விளம்பரம் போர்கில் வீட்டில் எடுக்கப்பட்டது சிக்னேவுக்குத் தெரியாமலா இருக்கும்? சிறு பிள்ளையிலிருந்தே எதையும் மறைக்காதவள், தெரிந்தும் ஏன் எங்களிடம் சொல்லவில்லை? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. மாரித் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கீழே வைத்தார். "அதை நானும் கேக்கத்தான் போறேன், ஐயா" என்றார்.

கோர்டி வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "பாஸ், அந்தச் சேவலை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் அதே மேஜை, அதே ஆட்கள். கோர்டி மட்டும் இன்னும் வரவில்லை. டூர்போர்க் புதிதாக ஒரு தட்டு வைத்தாள். மாரித் ஒன்றும் அவசரப்படவில்லை. வெர்லின் துறையைக் கழற்றியதைப் பற்றியும், எவெலின் மருமகளின் முழங்காலைப் பற்றியும் சாவகாசமாகச் சொன்னார். துண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் ஒன்று நின்றது.

டூர்போர்க் கத்தியை எடுத்து அதில் பாதியை வெட்டிக்கொண்டாள். சிக்னே மீதியில் பாதி. மாரித் அதில் பாதி. மிச்சம் இருந்தது ஒரு சின்னச் சதுரம். ரஸ்க் பேசிக்கொண்டிருந்தார். சமரசமாக ஓர் அறிக்கை தயார் செய்திருப்பதாகவும், அதில் வருத்தம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்றும் சொல்லிக்கொண்டே, கையை நீட்டி அந்தச் சதுரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

டூர்போர்க் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் உப்புக் குப்பியைப் பார்த்தேன். அந்த நாய்கூடத் தலையைத் தூக்கியது. எங்கள் ஊரில் ஒருவரை இதைவிடக் கடுமையாகக் கண்டிக்க வழியில்லை. ரஸ்க் எதையும் கவனிக்கவில்லை.

அப்போது கோர்டி மளிகைக்கடைப் பை ஒன்றோடு உள்ளே வந்து, அதிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தான். சிவப்புக் கொண்டை வைத்த சேவல் ஒன்று, வயிற்றில் கடிகாரத்தோடு.

"பிரசார ஆபீஸ்ல ரஸ்க் சாரோட நாற்காலிக்குப் பின்னாடி மாட்டியிருந்துச்சு" என்றான். "ஆகஸ்ட்லருந்து தினம் அவர் தலைக்கு மேலேயே கூவிக்கிட்டிருக்கு, பாவம். யாரும் கேக்கல."

ரஸ்க் சிரித்தார். ஒரு கடிகாரம் எதையும் நிரூபிக்காது என்றார். போர்கில் செத்துப்போன பிறகுதான் இந்தக் கடிகாரம் அந்தச் சமையலறைக்கே வந்தது என்று மாரித் சொன்னார். போர்கில் உயிரோடிருக்கும்போது அதை வெர்லின் எப்படிப் பார்த்தான் என்று கேட்டார். ரஸ்க்கின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஒரு சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாங்கங்கறது உண்மைதான்" என்றார் மாரித். "சொல்லிக்கொடுத்தவர்தான் வேற ஆள்."

பிறகு அவர் சிக்னே பக்கம் திரும்பினார். வாக்குக் கொடுத்தபடியே கேட்டார். அந்த வீட்டில் படம் எடுத்தது உங்களுக்குத் தெரியும், ஏன் என்னிடம் சொல்லவில்லை?

சிக்னே கைகளை மடித்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் அவள் அப்படி வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். செத்துப்போன ஒரு சாட்சியின் சமையலறையைக் காட்டி ஓட்டுக் கேட்கமாட்டேன் என்று அந்தப் படத்தைப் பார்க்காமலேயே நிறுத்தச் சொன்னதாகவும், தேர்தல் முடிந்ததும் நாம் பிரிந்துகொள்வோம் என்று ரஸ்க்கிடம் அன்றைக்கே சொன்னதாகவும், அவர் பெயர் கெடவேண்டாம் என்று அதை வெளியே விடவில்லை என்றும் சொன்னாள். பதிவைக் கேட்டதுமே அவர்மேல் சந்தேகம் வந்தது. கடிகாரத்தை மட்டும் அவள் பார்த்ததில்லை.

"நான் சந்தேகத்தைச் சொல்லியிருந்தா நீங்க அதைத் தேடிக்கிட்டுப் போயிருப்பீங்க, மாரித். அப்ப நீங்க கண்டுபிடிச்சது நான் சொல்லிக்கொடுத்ததா ஆயிருக்கும். அதைத்தான் நான் செஞ்சேன்னு சொல்றாங்க. நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்ல. உங்களுக்கும் சொல்லிக்கொடுக்கல."

தன் பதவியே போகவிருந்த நேரத்திலும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழக்கமாகவே நிமிர்ந்துதான் உட்காருவேன்.

ரஸ்க் கோட்டை எடுத்தார். எதிர்த்தரப்பில் அவருக்குத் தலைநகரில் பெரிய வேலை ஒன்று பேசியிருந்தார்கள் என்பதும், வெர்லினின் மனக்குறை தெரிந்து அவனைப் பிடித்ததும் அவர்தான் என்பதும் பிறகு தெரிந்தன. அப்போது அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், போனார். மேஜையருகே நிற்கவில்லை, கதவருகே நிற்கவில்லை.

"பாருங்க, பாஸ்" என்றான் கோர்டி. "எழுந்ததும் போற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க."

அன்று மாலையே வெர்லின் வானொலி நிலையத்துக்குத் தானே போன் செய்து, தான் சொன்னது ரஸ்க் சொல்லிக்கொடுத்த பாடம் என்று சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலை ஒலிபரப்பானது அதுதான். நீதிமன்றத்துக்கு அவன் வரவில்லை. கெட்னர் இருந்த இடத்திலேயே இருக்கிறான். சிக்னே மறுபடி ஆளுநர். அவள் சிபாரிசு செய்திருந்தால் வெர்லினுக்கு அவன் அப்பாவின் துப்பாக்கி திரும்பக் கிடைத்திருக்கும். அவள் செய்யவில்லை. ஸ்வெர்ரேவுக்கும் செய்யவில்லை.

ரஸ்க் போன பிறகு டூர்போர்க் உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தாள். அன்று எல்லோருக்கும் நல்ல பசி. அந்தத் தட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. குடும்பப் பெயர் தப்பிய சந்தோஷத்தில் ஹால்வர் பிரெக்கி கடைசித் துண்டை எடுத்துச் சாப்பிட்டார் என்று சொல்கிறார்கள். யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு பல் இல்லை.

அது பொய். நான் பாதிதான் எடுத்தேன்.